கம்மல் அணிந்தாலே காது புண்ணாகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்மல் அணிந்த மறுநாளே காது சிவந்து, அரித்து, நீர் கசியத் தொடங்குகிறவர்களுக்காக இந்தக் கேள்வி பதில் தொகுக்கப்பட்டுள்ளது. "எனக்கு எந்தக் கம்மலும் ஒத்துக்கொள்வதில்லை" என்று ஆசையையே விட்டுவிட்டவர்கள் பலர். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளாதது ஒரே ஓர் உலோகமாகவோ, ஒரு திருகின் அமைப்பாகவோதான் இருக்கும். நாம் முகப்பில் இருக்கும் கல்லையும் வேலைப்பாட்டையும் பார்த்துக் கம்மல் வாங்குகிறோம். காதுக்குத் தெரிவதோ துளைக்குள் நுழையும் தண்டும், பின்னால் அழுந்தும் திருகும் மட்டுமே.

என் காதில் வந்திருப்பது ஒவ்வாமையா, கிருமித் தொற்றா, வெறும் உறுத்தலா?

மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் பலர் இங்கேயே வழி தவறுகிறார்கள். ஒவ்வாமையில் முன்னால் நிற்பது அரிப்பு. வலி அதற்குப் பிறகுதான். கம்மல் அணிந்த உடனே அது தெரியாது. ஏறத்தாழ 12 மணி நேரத்திலிருந்து மூன்று நாள்களுக்குள் துளையைச் சுற்றித் தோல் சிவந்து, பொடிப் பொடியான நீர்க்கொப்புளங்கள் தோன்றி, நீர் கசிந்து, பிறகு பொருக்குத் தட்டும். பெரும்பாலும் இரண்டு காதுகளிலும் ஒரே நேரத்தில் வரும். கைக்கடிகாரத்தின் பின்புறம் படும் இடத்திலும், கால்சட்டைப் பொத்தான் தொப்புளுக்குக் கீழே உராயும் இடத்திலும் இதேபோல் அரித்த அனுபவம் உண்டென்றால், உலோக ஒவ்வாமை என்ற ஐயம் வலுப்படும்.

கிருமித் தொற்றில் வலியும் சூடும் வீக்கமும் முந்திக்கொள்ளும். மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வரும். பெரும்பாலும் ஒரு காதில் மட்டும் இருக்கும். சிலருக்குக் காய்ச்சலும் சேரும். கனத்தாலோ இறுக்கத்தாலோ வரும் உறுத்தல், கம்மலைக் கழற்றிய சில மணி நேரத்தில் தணிந்துவிடும். திருகின் வடிவம் தோலில் பதிந்திருப்பதைக் காணலாம்.

அரிப்பைச் சொறிந்து சொறிந்து அதன் வழியே கிருமி புகுந்து, ஒவ்வாமையும் தொற்றும் ஒன்றாக நிற்பதும் உண்டு. காதின் மேற்பகுதியில், அதாவது குருத்தெலும்பில் குத்திய துளை வீங்கி வலித்தால் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அங்கே இரத்த ஓட்டம் குறைவு என்பதால், தொற்று முற்றினால் காதின் வடிவமே கெட்டுப்போகக்கூடும்.

எல்லோரும் நிக்கலையே குற்றம் சொல்வது ஏன்?

உலோக ஒவ்வாமைகளிலேயே மிகப் பரவலானது அதுதான். நிக்கல் மலிவானது, கடினமானது, பளபளப்பாக மெருகேறும், மேலே பூசும் முலாம் உரியாமல் பிடித்துக்கொள்ள உதவும். ஆகவே மலிவான அணிகலன்களில் கலப்பு உலோகத்துக்குள்ளும், தங்க முலாமுக்கு அடியில் ஒரு படலமாகவும் அது ஒளிந்திருக்கிறது.

வியர்வையில் உள்ள உப்பு நிக்கலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. கரைந்த அயனிகள் தோலுக்குள் சென்று அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பில் உள்ள டி அணுக்கள் அதை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கின்றன. இந்த முதற்கட்டத்தில் வெளியே எதுவும் தெரியாது. நினைவு பதிந்த பிறகு ஒவ்வொரு முறை அந்த உலோகம் படும்போதும் அழற்சி எழும். "பத்து ஆண்டுகளாக இதே கம்மலைத்தான் போட்டேன், இப்போது திடீரென்று ஏன்?" என்ற கேள்விக்கும் விடை இதுவே. வெயில் காலத்தில் தொல்லை கூடுவதற்குக் காரணம் வியர்வை. ஒருமுறை வந்த நிக்கல் ஒவ்வாமை பொதுவாக ஆயுள் முழுவதும் இருக்கும். அதை நீக்கும் மருந்து இல்லை, விலகியிருப்பதே வழி.

சிலருக்கு நிக்கலோடு கோபால்ட்டும் ஒத்துக்கொள்ளாது. பல்லேடியத்தை நிக்கலென்றே உடல் எண்ணிவிடுவதும் நடக்கிறது. எனவே நிக்கல் ஒவ்வாமை உறுதியானவர்கள் பல்லேடியம் கலந்த வெள்ளைத் தங்கத்தையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.

"ஒவ்வாமை தராதது", "நிக்கல் இல்லாதது" என்று அட்டையில் எழுதியிருந்தால் நம்பி வாங்கலாமா?

"ஒவ்வாமை தராதது" என்ற சொல்லுக்கு அணிகலன் வணிகத்தில் திட்டவட்டமான பொருள் கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். நான் அதை ஒரு நல்வாழ்த்தாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

"நிக்கல் இல்லாதது" என்ற சொல்லுக்குப் பின்னால் சில நேரங்களில் ஓர் அளவுகோல் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் கொண்டுவந்து பின்னர் திருத்திய விதிகளின்படி, துளைக்குள் செல்லும் தண்டிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.2 மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே நிக்கல் வெளியேற வேண்டும். தோலின் மீது நீண்ட நேரம் படும் மற்றப் பொருள்களுக்கு இந்த வரம்பு 0.5 மைக்ரோகிராம். இதில் கவனிக்க வேண்டியது, விதி அளப்பது உலோகத்துக்குள் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதை அன்று, எவ்வளவு வெளியே வருகிறது என்பதையே. ஆகவே அந்த விதிக்கு உட்பட்ட கம்மலிலும் நிக்கல் இருக்கலாம். பெரும்பாலோருக்கு அது போதுமான பாதுகாப்பு, மிகக் கூர்மையான ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் போதாமல் போகலாம்.

அட்டையைப் படிப்பதைவிட விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்பது மேல். தண்டு எந்த உலோகம்? அது முழுவதும் அதே உலோகமா, மேலே முலாமா? திருகு எதனால் ஆனது? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் விடை கிடைக்காது. விடை கிடைக்காத கம்மலை வாங்காமல் விடுவதே நல்லது.

அப்படியானால் எந்த உலோகத்தை முதலில் தேட வேண்டும்?

என்னைக் கேட்டால், டைட்டானியம். உடலுக்குள் எலும்போடு பொருத்தும் கருவிகளுக்குப் பயன்படும் தரத்தில் கிடைப்பதைத் தேடுங்கள். தரக்குறியீடு அச்சிடப்பட்டிருந்தால் அது ஏ.எஸ்.டி.எம். எஃப்136 என்று இருக்கும். காற்றுப்பட்டவுடன் டைட்டானியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, உள்ளிருக்கும் உலோகம் வியர்வையில் கரையாமல் காக்கிறது. இன்னொரு நன்மை அதன் எடை. ஒரு கன சென்டிமீட்டர் டைட்டானியம் சுமார் 4.5 கிராம்; எஃகு சுமார் 8 கிராம்; தூய தங்கம் 19.3 கிராம். கனத்தால் காது வலிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். டைட்டானியத்தில் நீலமும் ஊதாவுமாகத் தெரியும் நிறங்கள் சாயம் அல்ல. மின்சாரம் செலுத்தி அந்த ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கும்போது, அதில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டுத் தோன்றும் வண்ணங்கள். அவை உரிந்து வரும் பூச்சு இல்லை என்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

நியோபியமும் ஏறக்குறைய இதே குணம் உடையது. கலப்பில்லாத தனி உலோகமாகவே அணிகலனாகிறது. வளைக்க எளிது என்பதால் கொக்கி வகைத் தொங்கட்டான்களில் அதிகம் காணலாம். பிளாட்டினமும் நல்லதே, ஆனால் தங்கத்தைவிடக் கனமானது. உலோகமே வேண்டாம் என்பவர்களுக்குக் கண்ணாடித் தண்டும், மருத்துவத் தரப் பிளாஸ்டிக் தண்டும் இருக்கின்றன. பிளாஸ்டிக் நாளடைவில் கீறல் விழுந்து அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். அவ்வப்போது மாற்ற வேண்டும்.

தங்கக் கம்மல் போட்டும் அரிக்கிறதே, ஏன்?

தங்கம் என்று நாம் சொல்வது ஒரு பொருள் அன்று. 22 காரட்டில் 91.6 விழுக்காடு தங்கம். 18 காரட்டில் 75. 14 காரட்டில் 58.5. மீதி என்ன என்பதே கேள்வி. மஞ்சள் தங்கத்தில் மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும் துத்தநாகமும்தான். வெள்ளைத் தங்கத்திலோ நிறத்தை வெளுக்க நிக்கலோ பல்லேடியமோ சேர்க்கப்படுகிறது. மேலே ரோடியம் முலாம் இருக்கும்வரை அது தோலில் படாது, முலாம் தேய்ந்த பிறகு படும். வாங்கிய புதிதில் ஒத்துக்கொண்ட வெள்ளைத் தங்கம் ஓரிரு ஆண்டுகளில் அரிக்கத் தொடங்குவது இதனால்தான்.

அடுத்தது திருகு. எனக்கே நடந்த கதை இது. நல்ல தங்கத் தோடு ஒன்றின் திருகு தொலைந்து, கையில் கிடைத்த வேறொரு திருகைப் போட்டுக்கொண்டேன். காதின் முன்பக்கம் எந்தத் தொல்லையும் இல்லை. பின்பக்கம் மட்டும் திருகின் வட்ட அளவுக்குச் சிவந்து கசிந்தது. தோட்டையே குறை சொல்லிக் கழற்றி வைத்த பல மாதங்களுக்குப் பிறகுதான் காரணம் புரிந்தது. முன்பக்கம், பின்பக்கம், துளையின் உட்புறம் இவற்றில் எங்கே அழற்சி தொடங்குகிறது என்று கண்ணாடியில் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தண்டைப் பற்றவைக்கப் பயன்படும் பற்றாசிலும் வேறு உலோகம் கலந்திருக்கலாம். தங்கத்துக்கே ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மற்ற எல்லாவற்றையும் விலக்கிப் பார்த்த பிறகு கடைசியாக ஐயப்பட வேண்டியது அது.

வெள்ளி எப்படி?

அணிகலன் வெள்ளியில் 92.5 விழுக்காடு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. பலருக்கு ஒத்துக்கொள்ளும். கறுத்துப்போவது அதன் குறை. ஆறாத புதுத் துளைக்குள் போட அது ஏற்றதன்று. வெள்ளி நிறத்தில் இருப்பதெல்லாம் வெள்ளி இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். "ஜெர்மன் சில்வர்" என்று விற்கப்படுவதில் வெள்ளி துளியும் கிடையாது. அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாத பெயர் அது.

சர்ஜிக்கல் ஸ்டீல் என்றால் பாதுகாப்பு என்கிறார்களே?

பெயரில் இருக்கும் மருத்துவமனை வாசனையைக் கண்டு மயங்க வேண்டாம். அந்தப் பெயரில் அதிகம் விற்கப்படும் 316எல் வகை எஃகில் 10 முதல் 14 விழுக்காடு வரை நிக்கல் இருக்கிறது. அது உலோகத்துக்குள் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால் மிகக் குறைவாகவே வெளியேறும்; அதனால்தான் நிக்கல் ஒவ்வாமை உள்ள பலரும்கூட அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் "சர்ஜிக்கல்" என்பது ஒரே தரத்தைக் குறிக்கும் சொல் அன்று. மட்டமான எஃகுக்கும் அதே பெயரைச் சூட்டலாம். லேசான தொல்லை உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம். காது ஏற்கெனவே பலமுறை புண்ணானவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

முலாம் பூசிய கம்மலை அணியவே கூடாதா? நகப்பூச்சு தடவினால் போதும் என்கிறார்களே?

சில மணி நேர விழாவுக்கு அணிந்து, வீடு திரும்பியதும் கழற்றிவிடுவதாக இருந்தால் பலர் தப்பித்துவிடுகிறார்கள். நாள்தோறும் அணிய முலாம் ஏற்றதன்று. தண்டு துளைக்குள் உராய்ந்துகொண்டே இருப்பதால், முகப்பு மின்னிக்கொண்டிருக்கும்போதே தண்டின் முலாம் முதலில் தேய்ந்துவிடும். நிறமற்ற நகப்பூச்சின் கதையும் இதுதான். சில நாள்களில் உதிரும், உதிர்ந்தது கண்ணுக்குத் தெரியாது. போதாததற்கு, நகப்பூச்சில் உள்ள பிசினே சிலருக்கு ஒவ்வாமை தரும்.

கம்மலில் நிக்கல் இருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். டைமெதில்கிளையாக்சைம் என்ற வேதிப்பொருளைக் கொண்ட சோதனைப் பெட்டிகள் விற்பனையில் உள்ளன. அந்தக் கரைசலில் நனைத்த பஞ்சால் உலோகத்தைச் சிறிது நேரம் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் பொருளாக இருப்பின் பஞ்சு இளஞ்சிவப்பாக மாறும். தண்டு, திருகு, கொக்கி ஒவ்வொன்றையும் தனித்தனிப் பஞ்சால் தேய்க்க வேண்டும். நிறம் மாறினால் அந்தக் கம்மலை ஒதுக்கிவிடலாம். மாறவில்லை என்பதை மட்டும் வைத்து நற்சான்று கொடுத்துவிட முடியாது. மிகக் குறைந்த அளவு நிக்கலை இந்தச் சோதனை தவறவிடும், முலாமுக்கு அடியில் இருப்பதும் தெரியாது.

காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்க்கும் வழக்கம் பயனற்றது. நிக்கல் கலந்த 316எல் எஃகும், நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கமும் காந்தத்தில் ஒட்டுவதில்லை.

கம்மலை விட்டுவிட்டு உங்கள் உடலையே சோதிக்க வேண்டுமென்றால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்துகொள்ளலாம். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை மிகச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, அப்போதும் அதற்கு ஓரிரு நாள் கழித்தும் தோலைப் பார்ப்பார்கள். நிக்கலா, கோபால்ட்டா, தங்கமா என்று ஊகம் இல்லாமல் தெரிந்துகொள்ள இதுவே வழி. ஒருமுறை செய்துகொண்டால், பிறகு கம்மல்களில் வீணாக்கும் பணம் மிச்சமாகும்.

உலோகம் சரியாக இருந்தும் உறுத்துகிறது. தண்டிலும் திருகிலும் என்ன பார்க்க வேண்டும்?

தண்டு மழமழப்பாக இருக்க வேண்டும். நெடுக மரை வெட்டிய தண்டு திருகை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் போடும்போதும் கழற்றும்போதும் அந்த மரை துளையின் உட்சுவரைச் சுரண்டுகிறது. அதன் பள்ளங்களில் சோப்பும் இறந்த தோலும் தங்கிவிடுகின்றன. மென்மையான காது உள்ளவர்களுக்கு, மரை தண்டின் நுனியில் மட்டும் உள்ளவையோ, மரையே வெளியே தெரியாமல் உட்புறம் அமைந்தவையோ மேலானவை. தண்டின் நுனியை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகத்தில் தட்டும் பிசிறு காதையும் கிழிக்கும்.

திருகை எவ்வளவு இறுக்குவது என்பதில் பலர் தவறு செய்கிறோம். தொலைந்துவிடுமோ என்ற அச்சத்தில் தோல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கினால், அந்த இடத்துக்கு இரத்தமும் காற்றும் போவதில்லை, வியர்வை தேங்குகிறது, நாள்கணக்கில் அப்படியே விட்டால் திருகு தோலுக்குள் புதைந்துபோவதும் உண்டு. காது மடலுக்கும் திருகுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டராவது விட்டிருக்க வேண்டும். மடல் தடித்தவர்கள் தண்டு நீளமான கம்மலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கம்மலோடு தூங்குபவர்களுக்குப் பின்பக்கம் தட்டையாக உள்ளதே நல்லது. கூர்நுனி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் இரவு முழுவதும் கழுத்தைக் குத்தும். அகலமான சிலிக்கோன் பின்பிடிப்பு கனத்தைப் பரப்பித் தாங்கும், உலோகமும் தோலில் படாது. ஆனால் அதனடியில் ஈரம் நிற்கும் என்பதால் அடிக்கடி கழுவ வேண்டும்.

தொங்கட்டான் அணிய ஆசை. எவ்வளவு கனம் தாங்கும்?

எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண்ணைச் சொல்ல இயலாது. மடலின் தடிமனும், துளை விளிம்பிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். கம்மலைப் போட்டுத் தலையை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள்; துளை புள்ளியாக இல்லாமல் கோடாக நீண்டு தெரிந்தால் அது உங்களுக்குக் கனம். ஒரே எடையிலும் தண்டு மெல்லியதாக இருந்தால் இழுவை அதிகம் வெட்டும். மெல்லிய கம்பிக் கொக்கியில் கனத்த தொங்கலை மாட்டுவது மென்மையான மடலை மெல்ல மெல்ல அறுப்பதற்குச் சமம். அப்படி நீண்டுபோன துளை தானாகச் சுருங்காது. தையல் போட்டுத்தான் சரிசெய்ய முடியும்.

துளையே இல்லாத, கவ்விப் பிடிக்கும் கம்மல் பாதுகாப்பானதா?

துளைக்குள் உலோகம் போகாது என்பதால் ஒவ்வாமையின் வேகம் குறையலாம், இல்லாமல் போகாது. கவ்வும் பகுதி நிக்கல் கலந்ததாக இருந்தால் அங்கும் அரிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை அழுத்தம். ஓரிரு மணி நேரத்துக்கு மேல் வலியில்லாமல் அணியக்கூடியது, அழுத்தத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள வகை மட்டுமே.

புதிதாகக் காது குத்தப்போகிறோம். தொடக்கத்திலேயே ஒவ்வாமையைத் தவிர்க்க முடியுமா?

இந்தத் தருணம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆறாத புண்ணில் நிக்கல் படும்போது உடல் அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும் வாய்ப்பு அதிகம்; குழந்தையாக இருந்தால் அந்தப் பதிவு வாழ்நாள் முழுவதும் தொடரும். ஆகவே முதல் கம்மல் டைட்டானியமாகவோ நியோபியமாகவோ நிக்கல் சேராத உயர்தரத் தங்கமாகவோ இருக்கட்டும். அழகான கம்மல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காது மடல் ஆற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். குருத்தெலும்புக்குச் சில மாதங்களிலிருந்து ஓராண்டு வரை பிடிக்கும். அதற்குள் கம்மலை மாற்ற வேண்டாம். 0.9 விழுக்காடு உப்புக் கரைசலால் துடைத்தால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆறிவரும் தோலையும் அரித்துவிடும்.

அரிப்பு வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

ஒவ்வாமை என்று தெளிவாகத் தெரிந்தால் கம்மலைக் கழற்றிவிடுங்கள். தோல் முழுவதும் ஆறும்வரை எதையும் போட வேண்டாம். சில நாள்களிலிருந்து ஓரிரு வாரங்கள் வரை ஆகலாம். மருத்துவர் மென்மையான ஸ்டீராய்டு களிம்பு தரக்கூடும். சீழும் சூடும் காய்ச்சலும் இருந்தால் நீங்களாகக் கழற்றுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே அடைபட்டுவிடும்.

வீட்டில் இருக்கும் கிருமிநாசினிக் களிம்பைத் தாராளமாகப் பூசும் பழக்கம் வேண்டாம். அவற்றில் சேரும் நியோமைசினும் பாசிட்ராசினும் தாமே ஒவ்வாமை தருபவை. கம்மலால் வந்த அரிப்புக்குக் களிம்பு பூசி, களிம்பால் வந்த அரிப்பைக் கம்மலின் தலையில் கட்டி, மாதக்கணக்கில் அலைபவர்கள் உண்டு.

பிடித்த பழைய கம்மல்களையெல்லாம் எறிந்துவிட வேண்டுமா?

வேண்டாம். முகப்பு காதுக்குள் போவதில்லை. நகை செய்பவரிடம் கொடுத்துத் தண்டை மட்டும் வெட்டியெடுத்து, உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் உலோகத்தில் புதுத் தண்டு வைக்கச் சொல்லலாம். பற்றாசிலும் நிக்கல் கூடாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். டைட்டானியத்தைத் தங்கத்தோடும் வெள்ளியோடும் சாதாரண முறையில் பற்றவைக்க இயலாது. அதனால் தங்கத் தண்டு கேட்பதே நடைமுறைக்கு எளிது. தொங்கட்டான்களில் வேலை இன்னும் சுலபம். மேலே உள்ள கொக்கியைச் சிறு குறடால் கழற்றி, நியோபியம் அல்லது டைட்டானியக் கொக்கியை நீங்களே மாட்டிவிடலாம். முகப்பின் பின்புறத் தகடு மடலில் படும் அளவுக்கு அகலமாக இருந்தால், தண்டை மாற்றினாலும் அந்தத் தகடு அரிக்கக்கூடும். மாற்றக் கொடுப்பதற்கு முன் அதையும் ஒருமுறை பஞ்சால் தேய்த்துச் சோதித்துவிடுங்கள்.